வந்தவாசிக் களத்தை மேசைமேல் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிக்கு வெளியே நடந்த சண்டையை, ஆறடிக்கு நாலடி மேசையில் சிறு உருவங்களை வைத்து ஆடுவது என் பல வருட ஈடுபாடு. படைவீரர் உருவங்களைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். களத்தை அப்படி வாங்க முடியாது. குளக்கரை, பனைமரம், அறுவடை முடிந்த வயல் எல்லாவற்றையும் கையால்தான் செய்தாக வேண்டும். வீட்டுக்கு வந்து மேசையைப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேசைப் போர் விளையாட்டு என்றால் என்ன? சதுரங்கம் மாதிரியா?

சதுரங்கத்தில் எல்லாக் கட்டமும் ஒன்றுதான். இங்கே ஒரு இடம் மேடு, ஒரு இடம் சேறு, இன்னொரு இடம் தோப்பு. படையை எவ்வளவு தூரம் நகர்த்தலாம், யாரால் யாரைப் பார்க்க முடியும், குண்டு பட்டால் மறைவு உண்டா என்பதையெல்லாம் தரைதான் சொல்கிறது. அளவுநாடாவால் தூரம் அளப்போம், பகடை உருட்டி விளைவு பார்ப்போம்.

இந்த ஆட்டம் பிறந்ததே தரையை நம்பித்தான். 1812-ல் பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். ஆறு, காடு, மேடு, ஊர் எல்லாம் தனித்தனி ஓடுகளாக இருக்கும். மாற்றி மாற்றி அடுக்கினால் புதிய புதிய நிலம் கிடைக்கும். ரைஸ்விட்ஸின் மகன் 1824-ல் அதையே 1:8000 அளவு வரைபடத்தின்மேல் ஆடும்படி மாற்றினார். ராணுவத்துக்கு அதுதான் வசதியாக இருந்தது. எனக்கு என்னவோ அப்பாவின் மேசைமேல்தான் பிரியம்.

எத்தனையோ போர் இருக்க, ஏன் வந்தவாசி?

ஒரு குளக்கரை ஒரு போரைத் தீர்மானித்த இடம் அது.

1759 நவம்பரில் ஆங்கிலேயர் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார்கள். அதை மீட்க லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டது. கோட்டையைக் காக்க ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வந்தார். இரண்டு பக்கமும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஐரோப்பியர், அவர்களோடு நம் நாட்டுச் சிப்பாய்கள், குதிரைப்படை. பிரெஞ்சு அணியின் இடக்கோடி ஒரு குளத்தின் உயர்ந்த கரையில் ஊன்றி நின்றது. கரையையே அரணாக்கிப் பீரங்கி ஏற்றி, கப்பலிலிருந்து இறங்கிய கடற்படை வீரர்களை உள்ளே நிறுத்தியிருந்தார்கள். வலக்கோடியிலிருந்து லொரேன் ரெஜிமென்ட் நெருக்கமான நீள்திரளாகக் கிளம்பி, அயர் கூட்டின் சொந்த ரெஜிமென்ட்மேல் மோதிச் சிதறியது. மறுகோடியில் ஆங்கிலேயர் சுட்ட குண்டு ஒன்று குளக்கரைக்குள் நின்ற வெடிமருந்து வண்டியில் விழுந்தது. வண்டி வெடித்த குழப்பத்தில் ஆங்கிலேயரின் டிரேப்பர் ரெஜிமென்ட் கரையேறியது. அதை நடத்திச் சென்ற மேஜர் பிரெரட்டன் அங்கேதான் உயிர்க்காயம் பட்டார். கரை கைமாறியதும் பிரெஞ்சு அணியின் பக்கவாட்டு முழுவதும் திறந்துகொண்டது. நிலைமையைச் சரிசெய்யப் பாய்ந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது.

ஆகவே இந்த மேசையில் எதைச் சுமாராகச் செய்தாலும் குளக்கரையைச் சுமாராகச் செய்யக்கூடாது. கரை தாழ்ந்துபோனால் பிரெஞ்சுக்காரர் ஏன் அங்கே ஊன்றினார்கள் என்பது விளங்காது. ஏறவே முடியாத சுவராகச் செய்தால் ஆங்கிலேயர் எப்படி ஏறினார்கள் என்பது விளங்காது.

உருவம் எந்த அளவு? நிலம் எந்த அளவு?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. நிதானமாகச் சொல்கிறேன்.

என் உருவங்கள் 15 மி.மீ. உயரம். அதாவது உண்மையான மனிதனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. நிலத்தையும் அதே நூற்றில் ஒன்றாக எடுத்தால் என் ஆறடி மேசை வெறும் 180 மீட்டர் நிலத்தைத்தான் காட்டும். ஒரு பீரங்கிக் குண்டு அதைத் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போய்விடும். எனவே நிலத்துக்குத் தனி அளவு வைத்திருக்கிறேன்: மேசையில் 1 செ.மீ. என்றால் களத்தில் 10 மீட்டர். அப்போது மேசை 1.8 கிலோமீட்டருக்கு 1.2 கிலோமீட்டர் ஆகிறது. சண்டை முழுவதும் அடங்குகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். ஆறு மீட்டர் அகலமுள்ள குடிசையை உருவத்தின் அளவில் செய்தால் மேசையில் 6 செ.மீ. வரும். நிலக் கணக்கில் அந்த 6 செ.மீ. 60 மீட்டர். ஆக, அது ஒரு குடிசை இல்லை, ஒரு சிற்றூர். பத்துப் பனை நின்றால் அது பெரிய தோப்பு. மேசையில் எல்லாமே ஒன்றுக்குப் பதில் பலவாக நிற்கிறது. ஒரு பேஸில், அதாவது உருவங்களை ஒட்டி நிறுத்தும் சிறு அடித்தட்டில், ஐந்து வீரர் நின்றால் அவர்கள் நூறு பேர்.

இது ஏமாற்று வேலை அல்ல, பழைய வழி. வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியைச் செய்து 1838-ல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். அதில் ஒரு மைலுக்கு 9 அடி, அதாவது 1:587 அளவு. அதே அளவில் மனிதனைச் செய்தால் 3 மி.மீ.தான் வருவான். சைபோர்ன் தம் வீரர்களை ஏறத்தாழ 10 மி.மீ. உயரத்தில் செய்தார். லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இன்றும் அது இருக்கிறது.

28 மி.மீ. உருவங்கள் பார்க்க அழகு. வண்ணம் தீட்டவும் இடம் தாராளம். ஆனால் அவற்றுக்கு மரமும் கரையும் இருமடங்கு பெரிதாக வேண்டும். வீட்டில் அவற்றை எங்கே வைப்பது என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

களத்தை நேரில் பார்க்காமல் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் வந்தவாசி பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு நடை போய் வாருங்கள். சைபோர்ன் வாட்டர்லூவில் லா ஹே சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். அவர் போன 1830-லேயே களம் மாறியிருந்தது. சிங்க மேடு என்ற நினைவுச் சின்னத்தைக் குவிக்க மேட்டு நிலத்தின் மண்ணை வெட்டி எடுத்துவிட்டார்கள். பார்ப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அன்று எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுக் கேட்டுத்தான் அவர் செய்ய வேண்டியிருந்தது.

நமக்கும் அதே வேலை உண்டு. வந்தவாசிப் பக்கம் இன்று கண்ணில் படுவதில் பாதி 1760-ல் கிடையாது. சீமைக் கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. தைலமரம் நீலகிரிக்கே 1843-ல்தான் வந்தது. சவுக்குத் தோப்புகளும் அந்த நூற்றாண்டில் போட்டவையே. மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைகள் 1860-களில் தொடங்கியவை. ஆகவே உங்கள் சிற்றூரில் தட்டை ஓடு வேய்ந்த வீடு இருக்கக்கூடாது. பனை, வேம்பு, புளி, ஆல், நாட்டுக் கருவேலம், ஈச்சை, திருகுகள்ளி வேலி, ஓலைக்கூரை, அரைவட்ட நாட்டு ஓடு இவை போதும்.

படிக்க வேண்டுமானால், கம்பெனியின் வரலாற்றை அதே காலத்தில் எழுதிய ராபர்ட் ஓர்ம் களத்தை விரிவாக விவரிக்கிறார். அவர் எழுதும் 'டேங்க்' என்ற சொல் ஏரி, குளம் இரண்டுக்கும் பொது என்பதை மனத்தில் வையுங்கள். புதுச்சேரிப் பக்கத்து மனநிலையை அறிய, 1761 ஜனவரியில் காலமான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நம் மொழியிலேயே இருக்கிறது.

அடித்தளத்துக்குத் தெர்மாகோல் போதுமா?

போதும். ஆனால் வெட்டினால் மணி மணியாக உதிரும், விளிம்பு நிற்காது. கூரைக்கு அடியிலும் குளிர்சாதனக் கிடங்குகளிலும் வெப்பத்தைத் தடுக்கப் பதிக்கிறார்களே, அந்த எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை கிடைத்தால் விடாதீர்கள். அடர்த்தியானது, கட்டர் பிளேடால் வெண்ணெய் போல வெட்டலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம். கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் துண்டுகளைச் சும்மாவே தருவார்கள்.

என் மேசை 60 செ.மீ. சதுரப் பலகைகள் ஆறு. கீழே 6 மி.மீ. பிளைவுட், மேலே ஃபோம். மேலே மட்டும் ஃபெவிக்காலும் மணலும் பூசினால் காயும்போது பலகை மேல்நோக்கி வளையும். அடிப்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் இரு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டு நேராக நிற்கும்.

பலகை வைக்க இடமில்லாதவர்கள் துணியில் செய்யலாம். கெட்டியான கான்வாஸ் துணியில் அக்ரிலிக் சீலன்ட்டைத் தேய்த்து, ஈரம் காயுமுன் சலித்த மணலைத் தூவி, மேலே எமல்ஷன் பெயின்ட். பாய் போலச் சுருட்டி வைக்கலாம். கடையில் சிலிக்கான் சீலன்ட்டைக் கொடுத்தால் வாங்க வேண்டாம், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது.

ஸ்ப்ரே அடித்ததும் ஃபோம் கரைந்துவிட்டது. என்ன தவறு?

ஸ்ப்ரே பெயின்ட்டில் உள்ள கரைப்பான், ஃபோம் எதனால் ஆனதோ அந்தப் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். உடனடி ஒட்டுப்பசை, தின்னர் கலந்த பசை எல்லாமே அப்படித்தான். என்னுடைய முதல் குளக்கரை இப்படித்தான் போனது. ஒரு வார வேலை, பத்து நிமிடத்தில் பள்ளம் பள்ளமாக இறங்கியது. அன்று பட்ட வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

ஃபோமை முதலில் ஃபெவிக்கால், தண்ணீர், கொஞ்சம் சுவர் பட்டி கலந்து இரண்டு முறை மூடுங்கள். ஒரு ஊசித் துளைகூட விடாதீர்கள். நீர் சேர்க்கும் எமல்ஷன், அக்ரிலிக் பெயின்ட் மட்டும் பயன்படுத்தினால் இந்தக் கவலையே இல்லை. சூடான கம்பியால் ஃபோமை அறுப்பவர்கள் மொட்டைமாடியிலோ ஜன்னலோரமோ செய்யுங்கள். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

குளக்கரையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

என் கரை 3 செ.மீ. உயரம். தலைப்பு, அதாவது கரையின் உச்சித் தளம், 3 செ.மீ. அகலம், ஏனென்றால் 15 மி.மீ. உருவங்களுக்குப் பரவலாகப் புழங்கும் 40 மி.மீ. அகலப் பேஸ் கரையின் நீளவாக்கில் அதில் நிற்க வேண்டும். பீரங்கியும் ஏற வேண்டும். வெளிச்சரிவைச் சற்று நீட்டி விட்டிருக்கிறேன். செங்குத்தாக விட்டால் ஏறிவரும் வீரர்கள் சரிந்து விழுவார்கள். அழகான மேட்டில் உருவம் நிற்கவில்லை என்றால் அது களமாகாது, காட்சிப்பொருள்தான். எந்தச் சரிவையும் ஒட்டுமுன் ஒரு பேஸை அதன்மேல் வைத்து, மேசையை லேசாகத் தட்டிப் பாருங்கள்.

ஃபோமை நீளப் பட்டைகளாக அறுத்து வில் வடிவில் ஒட்டினேன். ஏரிக்கரை ஒருபோதும் நேர்கோடாக இருக்காது. நிலத்தின் தாழ்வைத் தொடர்ந்து வளையும். உள்பக்கம் அலையடிக்கும் இடத்தில் கற்கள் பதித்திருப்பார்கள். அதற்கு உடைந்த எம்-சாண்டைச் சலித்து, பெரிய துகள்களை மட்டும் எடுத்து வரிசையாக ஒட்டினேன். எம்-சாண்டுக்குக் கூர்மையான முனை இருப்பதால் சிறு அளவிலும் அது உடைத்த கல்லாகவே தெரியும். ஆற்றுமணல் உருண்டையாக இருக்கும், இந்த வேலைக்குப் பொருந்தாது.

பிறகு மதகு. எம்-சீலில் இரண்டு சிறு கல்தூண், குறுக்கே ஒரு கல். விரல்நகம் அளவுதான். ஆனால் அதை வைத்தவுடன் அதுவரை வெறும் மேடாக இருந்தது நம் ஊர்க் கரை ஆகிவிட்டது. கரையின் ஒரு கோடியைத் தாழ்த்திக் கலங்கலும் வைத்தேன். மழைநீர் மிஞ்சினால் வழிய வேண்டுமே.

கரைமேல் மண்ணாக மரத்தூளும் சலித்த மண்ணும். ஃபெவிக்காலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சிரிஞ்சால் சொட்ட விடுங்கள். அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் பசை மணல்மேல் முத்து முத்தாக உருளும். இருந்தால் உள்ளே இறங்கிப் பிடிக்கும்.

வெடிமருந்து வண்டியைத் தனியாகச் செய்திருக்கிறேன். அது வெடித்தால், அந்த இடத்தில் வைக்க இன்னொரு துண்டு: பேட்டரி மெழுகுவர்த்தியின்மேல் கருப்பும் பழுப்பும் தோய்த்த பஞ்சு. ஒவ்வொரு ஆட்டத்திலும் அது வெடிக்காது. வெடிக்காத நாளில் அந்தக் கரையைப் பிடிக்க எத்தனை பேஸ்களைப் பலிகொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால்தான், அன்று அந்த ஒரு குண்டு என்ன செய்தது என்பது புரிகிறது.

குளத்தில் தண்ணீர்?

கரைக்குள் படை நின்றதால் தண்ணீரைச் சுருக்கி நடுவில் மட்டும் வைத்திருக்கிறேன். உள்ளோரம் காய்ந்த தரை. தண்ணீருக்கு நீலம் வேண்டவே வேண்டாம். கலங்கிய மண் நிறம், நடுவே கொஞ்சம் கரும்பச்சை, மேலே பளபளக்கும் வார்னிஷ் நாலைந்து பூச்சு. எபாக்ஸி ரெசின் ஊற்றுபவர்கள் ஒரே தடவையில் தடிமனாக ஊற்றாதீர்கள். இறுகும்போது சூடேறி அடியில் உள்ள ஃபோமை உருக்கிவிடும்.

பனைமரம் எப்படிச் செய்கிறீர்கள்? கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மரம் ஆகாதா?

அந்தப் பிளாஸ்டிக் மரங்கள் தென்னையோ பேரீச்சையோதான். இறகு போன்ற ஓலை. அவற்றை வைத்தால் அரபிக் கடற்கரையாகும், வந்தவாசியாகாது. பனையின் விசிறி ஓலையும் கரிய அடிமரமும் இல்லாமல் இந்தக் களமே இல்லை. ஆகவே இதற்கு அதிக நேரம் கொடுத்தேன், இங்கும் அதிகம் எழுதுகிறேன்.

உண்மையான பனை 20 மீட்டருக்கு மேலும் வளரும். உருவ அளவில் அது 20 செ.மீ. அவ்வளவு உயரம் வைத்தால் ஆடும்போது கை இடித்து முறியும். நான் 10 செ.மீ.யில் நிறுத்திக்கொண்டேன், கண் ஏற்றுக்கொள்கிறது.

அடிமரத்துக்கு மூங்கில் குச்சி. டிஷ்யூ தாளை மெல்லிய நாடாவாகக் கிழித்து, ஃபெவிக்காலில் நனைத்துச் சுற்றினால் பனையின் வளைய வளையமான தழும்பு தானாக வரும். அடியில் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, தூரைப் பருமனாக்குங்கள். நிறம் பழுப்பு அல்ல. கருஞ்சாம்பல், அதன்மேல் வெளிர்சாம்பலை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் லேசாகத் தடவினால் போதும்.

ஓலைக்குக் கொஞ்சம் கெட்டியான தாள். இரண்டு பக்கமும் முதலிலேயே வண்ணம் பூசிவிடுங்கள். வெட்டிய பிறகு பூசினால் மடிப்பு நனைந்து குலையும். 2 செ.மீ. வட்டமாக வெட்டி, கால்பங்கை நீக்கி, விசிறி போல மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாகக் கீறுங்கள். காம்புக்கு ஈர்க்குச்சி நுனி. ஒரு மரத்துக்கு 14 முதல் 16 ஓலை போதும். உச்சியில் நிமிர்ந்த குருத்தோலை ஒன்றிரண்டு, வெளிர்மஞ்சள் கலந்த பச்சை. சுற்றிலும் பச்சை ஓலை, கொண்டை உருண்டையாக வரவேண்டும். அதற்குக் கீழே தொங்கும் காவோலை நாலைந்து, சாம்பல் கலந்த பழுப்பில். முதலில் நான் காவோலையை விட்டுவிட்டேன். மரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ பொம்மை போலவே தெரிந்தன. காவோலை சேர்த்த அன்றுதான் பனையாயின.

நுங்கு வைக்க வேண்டாம். போர் நடந்தது தை மாதம், நுங்கு வருவது கோடையில்.

ஒவ்வொரு மரத்தின் பேஸுக்கடியிலும் ஒரு இரும்பு வாஷர் ஒட்டுங்கள், சாயாது.

வயல்?

தேங்காய்நார்க் கால்மிதி. நிறம், முரட்டுத்தன்மை இரண்டும் முற்றிய கதிருக்கு அப்படியே பொருந்தும். கத்தரியால் ஒட்ட வெட்டினால் அறுத்த தாள். தை மாதம் என்பதால் என் மேசையில் சில வயல் அறுவடையாகி, சில நின்றபடி. வரப்புக்குச் சணல் கயிற்றைப் பசையில் நனைத்து மரத்தூளில் புரட்டி ஒட்டினேன். ஒவ்வொரு வயலும் தனித்துண்டாக இருக்கட்டும், படை நுழையும்போது எடுத்து நகர்த்த வசதி.

மண்ணுக்கு என்ன நிறம்?

இந்தியா என்றாலே மஞ்சள் புழுதியாகப் பூசிய மேசைகளை வெளிநாட்டுப் படங்களில் நிறையப் பார்க்கிறேன். மனம் ஒப்புவதில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து மூன்று வாரம் ஆன நிலம் அது. வரப்பில் புல் இருக்கும், தாழ்ந்த இடத்தில் ஈரம் இருக்கும்.

களத்துக்குப் போனபோது ஒரு கைப்பிடி மண் எடுத்து வந்தேன். அதை ஒரு அட்டையில் ஒட்டிப் பெயின்ட் கடையில் காட்டி, எமல்ஷனில் ஸ்டெயினர் சொட்டு விட்டு நிறம் பிடித்தோம். செம்மண் சாயல் உள்ள பழுப்பு. அடிக்கு அந்த நிறம், அதன்மேல் வெள்ளை கூட்டிய அதே நிறம், மிகவும் வெளிர்ந்ததை மேட்டுமுனைகளில் மட்டும். உண்மையான மண்ணைப் போலவே இருந்தால் அறை வெளிச்சத்தில் கருத்துப்போகும். ஒரு படி வெளுத்துச் செய்யுங்கள்.

உண்மை மண்ணையே தூவுவதானால் மாவுச் சல்லடையில் சலித்து, இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துவிடுங்கள். இல்லையென்றால் அதிலுள்ள முட்டையும் விதையும் உங்கள் மேசையில் உயிர்பெறும்.

கோட்டையை ஏன் வைக்கவில்லை?

300 மீட்டர் பக்கமுள்ள ஒரு கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். உருவ அளவில் அது 3 மீட்டர், என் மேசையைவிடப் பெரிது. நில அளவில் 30 செ.மீ., ஆனால் அப்போது மதில் வீரனின் முழங்கால் உயரம்தான் வரும். இரண்டும் ஒத்துவராததால் மேசையின் ஓரத்தில் ஒரு கொத்தளமும் இரண்டு பக்கம் கொஞ்சம் மதிலும் மட்டும் வைத்திருக்கிறேன். மீதி மேசைக்கு வெளியே இருப்பதாகப் பார்ப்பவர் மனமே முடித்துக்கொள்ளும். சண்டையும் கோட்டைக்குள் நடக்கவில்லை, வெளியில்தான்.

வீடுகளுக்குச் சன்போர்டு என்ற பிளாஸ்டிக் ஃபோம் அட்டையில் சுவர், மேலே பட்டி, கூரைக்குத் தேங்காய்நார். வேலிக்கு எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி. கூரையைக் கழற்றும்படி செய்தால் உள்ளே வீரர்களை நிறுத்தலாம்.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது, கரப்பான் அரிக்கிறது. வழி?

மைதாப் பசை பயன்படுத்தியிருப்பீர்கள். புத்தகம் கட்டுபவர்கள் அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். ஃபெவிக்காலோடு நிற்பதே நல்லது. மரத்தூள், நார், காய்ந்த தேயிலைத்தூள் எதையும் முழுதாக வெயிலில் காயவைத்த பிறகே ஒட்டுங்கள். கடைசியில் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு. பலகைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் நடுவே காற்றோட இடம் விடுங்கள். ஒரு ஐப்பசியில் நான் இரண்டு வயல்களையும் ஒரு தோப்பையும் இழந்தது ஈரம் காயாமல் பெட்டியில் மூடியதால்தான்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்தால் சுலபமில்லையா?

வண்டிக்கும் பீரங்கிக்கும் சரி. நிலத்துக்குக் கையே மேல். ஒரே கோப்பிலிருந்து எடுத்த பத்துப் பனையும் ஒன்றுபோலவே சாய்ந்து நிற்கும்.

எனக்குக் கைவேலை வராது. என்னால் முடியுமா?

உங்கள் வீட்டில் கொலு வைத்ததுண்டா? படிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பார்க் போடுவோமே. மணல் பரப்பி, கேழ்வரகோ கடுகோ முளைக்கவிட்டுப் புல்வெளி, முகம் பார்க்கும் கண்ணாடி குளம், வண்ணப் பொடி தூவிய பாதை. நான் முதலில் செய்த களம் அதுதான். அம்மாவும் சித்தியும் எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே அறிவு இன்றும் இந்த மேசையில் வேலை செய்கிறது: எது பக்கத்தில் எதை வைத்தால் எது பெரிதாகத் தெரியும், பாதையை வளைத்தால் ஏன் தூரம் கூடுகிறது என்பதெல்லாம். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

இத்தனை பேர் செத்த போரை விளையாட்டாக்குவது சரியா?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு பக்கமும் நின்ற சிப்பாய்களில் நம் மண்ணில் பிறந்தவர்கள் பலர். தளபதிகளின் பெயர்தான் புத்தகங்களில் நின்றது, அவர்களுடைய பெயர் நிற்கவில்லை. சிப்பாய் உருவங்களை மலிவாகப் பூசி பின்வரிசையில் தள்ளும் வழக்கம் உண்டு. என் மேசையில் அவர்களுக்கும் ஐரோப்பியருக்குக் கொடுக்கும் அதே நேரம் கொடுத்துப் பூசுகிறேன். ஆட்டம் தொடங்குமுன் புதிதாக வந்தவர்களுக்கு, அன்று அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுவேன். வெடிமருந்து வண்டி வெடிக்கும்போது மேசையில் யாரும் கைதட்டுவதில்லை. அது நாங்கள் பேசி வைத்துக்கொண்டது.

முழு மேசை முடிய எவ்வளவு நாளாகும்?

வார இறுதியில் மட்டும் வேலை செய்தால் ஆறு பலகைக்கு இரண்டு மாதம், கரைக்கு மூன்று வாரம், வயல்களுக்கு ஒரு வாரம். பனைமரம் ஒரு உட்காருகைக்கு நாலு. எனக்கு இப்போது முப்பத்தாறு இருக்கிறது, இன்னும் ஒரு டஜன் வேண்டும். முதலில் ஒரே ஒரு பலகை, ஒரு துண்டுக் கரை, மூன்று பனை செய்யுங்கள். அந்த இரண்டடிச் சதுரத்தில் இரு பக்கமும் ஐந்து பேஸ் வைத்துக் கரையைப் பிடிக்கும் ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். சரிவு போதவில்லை, தலைப்பு குறுகல், மரம் கையை இடிக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அடுத்த பலகையில் திருத்திக்கொள்ளலாம்.